சர்வர் வராத நாளில் அரிசி

காலை எட்டரை மணிக்கே வரிசை ஆரம்பித்துவிடும். ஜார்க்கண்டின் லாத்தேஹாராக இருக்கட்டும், ராஜஸ்தானின் ஆரவல்லி மலைச்சரிவாக இருக்கட்டும், காட்சியில் பெரிய மாறுதல் இல்லை. ஒரு சின்ன அறை. மூலையில் அரிசி மூட்டைகள். ஒரு தராசு. டீலரின் கையில் செங்கல் அளவுக்கு ஒரு கறுப்புக் கருவி. முதல் ஆள் விரலைக் கண்ணாடியில் வைக்கிறார். சின்ன விளக்கு எரிகிறது, கருவி யோசிக்கிறது. யோசித்துக்கொண்டே இருக்கிறது. டீலர் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார், வாசலுக்கு வருகிறார், வேப்பமரத்தடிக்குப் போகிறார். வரிசையும் பின்னாலேயே போகிறது. கடைசியில், சர்வர் என்ற பொருளை வாழ்நாளில் பார்த்திராத எல்லோருக்கும் மனப்பாடமாகிவிட்ட அந்த வாக்கியம் வருகிறது: "சர்வர் நஹீ ஹை."

மூட்டை இருக்கிறது, தராசு இருக்கிறது, அட்டைதாரரும் டீலரும் நேருக்கு நேர் நிற்கிறார்கள். இருவரும் ஒருவரையொருவர் இருபது வருடங்களாக அறிந்தவர்களாகவும் இருக்கலாம். ஆனால் நிற்பவர் இன்னார்தான் என்று பெங்களூரிலோ மானேசரிலோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சொன்னால்தான் அரிசி தராசில் ஏறும். கம்ப்யூட்டர் சொல்லவில்லையென்றால்? அதற்கும் விதி இருக்கிறது. ஆனால் அது இந்த வேப்பமரத்தடி வரை வந்து சேருவதில்லை.

தொண்ணூறுகளில் ரயில்வே முன்பதிவு ஜன்னலில் 'லிங்க் ஃபெயிலியர்' என்ற அட்டையைப் பார்த்து வீடு திரும்பியவர்களுக்கு இந்த எரிச்சல் பழக்கமானதுதான். வித்தியாசம் ஒன்றே. டிக்கெட் கிடைக்காவிட்டால் ஊருக்குப் போவது தள்ளிப்போகும். இங்கே தள்ளிப்போவது சாப்பாடு. 2013ஆம் வருட தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களில் தலைக்கு மாதம் 5 கிலோ தானியம். அந்த்யோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. 2023 ஜனவரி முதல் இது இலவசம். சுமார் 80 கோடிப் பேர் இதன் கீழ் வருகிறார்கள். 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ரேஷன் கடைகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்தக் கறுப்புக் கருவி.

விரல் வைத்ததற்கும் ரசீது வருவதற்கும் நடுவில் என்னதான் நடக்கிறது? ரேகை முதலில் கருவியிலுள்ள சென்சாரில் பதிவாகிறது. அதை அப்படியே அனுப்புவதில்லை. ஒரு மென்பொருள் அதைப் பூட்டி, எந்தக் கருவி என்ற முத்திரையையும் எந்த நேரம் என்ற குறிப்பையும் சேர்த்து ஒரு பொட்டலமாக்குகிறது. கருவியின் உள்ளே இருக்கும் சிம் கார்டு வழியாக அது பக்கத்து டவருக்குப் போகிறது. அங்கிருந்து டெலிபோன் நிறுவனத்தின் வலைப்பின்னல், பிறகு மாநில உணவுத் துறையின் சர்வர். அட்டை செல்லுமா, இந்த மாதம் பாக்கி எத்தனை கிலோ என்பதெல்லாம் அங்கே சரிபார்க்கப்படும். பிறகு அனுமதி பெற்ற ஒரு இடைத்தரகு அமைப்பின் தனிக் கம்பி வழியே ஆதார் ஆணையத்தின் மையக் கிடங்கு. அங்கிருந்து 'ஆம்' அல்லது 'இல்லை' என்று ஒரு பதில், வந்த வழியே திரும்ப வரவேண்டும். போக ஐந்தாறு கண்ணி, வர ஐந்தாறு கண்ணி. ஒன்று அறுந்தாலும் கடையில் தெரிவது ஒரே விஷயம்தான்: அரிசி இல்லை. பொருளாதார அறிஞர் ழான் த்ரேஸ் 2016லேயே இதைச் சுட்டிக்காட்டினார். கருவி, ரேகை, இன்டர்நெட், தூரத்து சர்வர், மொபைல் நெட்வொர்க் என்று எளிதில் முறியக்கூடிய பல தொழில்நுட்பங்கள் ஒரே நேரத்தில் வேலை செய்தால்தான் ஏழைக்கு அரிசி என்பது அவருடைய கவலை. அவர் அதை எழுதியபோது ஜார்க்கண்டில் இந்தக் கருவிகள் பரவிக்கொண்டிருந்தன.

எல்லாத் தவறுக்கும் 'சர்வர்' என்று ஒரே பெயர் வைத்துவிட்டதில்தான் பாதிக் குழப்பம். வீட்டில் விளக்கு எரியவில்லையென்றால் பல்பா, ஃப்யூஸா, தெரு டிரான்ஸ்ஃபார்மரா என்று பார்ப்பதற்கு எல்லோருக்கும் ஒரு வரிசை தெரியும். கருவிக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு.

முதலில் சிக்னல். திரையின் மூலையில் கோடுகள் தெரிகின்றனவா? தெரிந்தாலும் ஏமாறக்கூடாது. அந்தக் கோடுகள் டவர் கேட்கிறது என்பதற்கு அடையாளம். டவருக்கு அப்பால் பாதை திறந்திருக்கிறது என்பதற்கு அல்ல. டவர் வரை ஜீப் ரோடு, அதற்கப்புறம் பாலம் இடிந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு கோடும் முழுசாக இருக்க, டேட்டா ஒரு சொட்டுக்கூடப் போகாமல் இருக்கும். சிம்மின் டேட்டா கணக்கு தீர்ந்துபோயிருக்கலாம். நெட்வொர்க்கின் நுழைவுப் பெயர் கருவியில் தவறாகப் பதிவாகியிருக்கலாம். 2ஜி காலத்துக் கருவியாக இருந்தால் 4ஜி டவரின் காலடியிலேயே நின்றாலும் அதற்குப் புரியாது. ஏர்டெல் 2020 வாக்கில் 3ஜியை மூடிவிட்டது. டவர்கள் தலைமுறை மாறிக்கொண்டே போகும். கடைக்குக் கொடுத்த பெட்டி மாறுவதற்கு டெண்டர் விடவேண்டும்.

இதைச் சோதிக்கச் சுலபமான வழி உண்டு. வரிசையில் யாரிடமாவது ஒரு ஸ்மார்ட் போன் கட்டாயம் இருக்கும். அதே கம்பெனி சிம் என்றால், அதே இடத்தில் அதில் ஏதாவது ஒரு பக்கம் திறக்கிறதா என்று பார்த்தால் போதும். போனில் திறந்து, கருவியில் திறக்கவில்லையென்றால் குற்றவாளி கருவியோ அதன் சிம்மோ, அல்லது அப்பாலுள்ள சர்வரோ. இரண்டிலும் இல்லையென்றால் டவர். பல கருவிகளில் இரண்டு சிம்களுக்கு இடம் உண்டு. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்ற ஒரு நிமிடம் போதும். இரண்டாவது சிம்முக்கு ரீசார்ஜ் யார் செய்வது என்ற கேள்விக்கு மட்டும் ரொம்ப நேரம் ஆகும்.

அடுத்தது எல்லா டீலர்களின் ஆஸ்தான வைத்தியம்: அணைத்துப் போடுவது. சிரிக்க வேண்டியதில்லை, இதற்கு அர்த்தம் இருக்கிறது. அணைத்துப் போட்டால் கருவி டவரிடம் புதிதாகப் போய்ப் பேரைப் பதிவு செய்துகொள்கிறது. நடுவில் தொங்கிக்கொண்டிருந்த பழைய இணைப்பு அறுந்து புதிய இணைப்பு கிடைக்கிறது. ஆனால் சார்ஜ் இல்லாமல் நாள்கணக்கில் செத்துக் கிடந்து உயிர் பெற்ற கருவியில் வேறொரு வில்லங்கம் இருக்கும். அதன் கடிகாரம். தேதியும் நேரமும் எங்கோ பின்னால் நின்றுவிட்டிருக்கும். பூட்டிய பொட்டலத்தில் நேரக் குறிப்பு இருக்கிறதல்லவா? அது குறிப்பிட்ட அளவுக்கு மேல் பழசாக இருந்தால் ஆதார் கிடங்கு அதைத் தொடாது. ஒருவருடைய ரேகையைத் திருடி வைத்துக்கொண்டு பிறகு யாரும் உபயோகித்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நேற்றைய தேதி காட்டும் கருவியில் இன்று விரல் வைக்கும் கிழவியும் அதற்குத் திருடிதான்.

இந்த நிராகரிப்புக்கு எண் 561. கடிகாரம் முன்னால் ஓடினால் 562. கருவியின் திரையில் நொடிப்பொழுது தோன்றி மறையும் இந்த மூன்று இலக்க எண்கள்தான் உண்மையான தகவல். 300 வந்தால் ரேகை பொருந்தவில்லை. நெட்வொர்க் நன்றாகவே வேலை செய்திருக்கிறது, போய்ப் பதிலும் வந்துவிட்டது. அதற்கு மரத்தடிக்கு ஓடிப் பிரயோஜனம் இல்லை. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வேறு விரலை வைக்கவேண்டும், அல்லது கருவிழிச் சோதனை. 330 என்றால் அட்டைதாரரின் ரேகை வசதி பூட்டப்பட்டிருக்கிறது. 811 என்றால் கிடங்கில் அவருடைய ரேகைப் பதிவே இல்லை. 998 என்றால் ஆதார் எண்ணே தவறு. பெரும்பாலும் அட்டையோடு இணைக்கும்போது யாரோ ஒரு இலக்கத்தை மாற்றி அடித்திருப்பார்கள். இதில் எதுவுமே சர்வர் பழுது அல்ல. ஆனால் வாசலில் நிற்பவருக்குச் சொல்லப்படுவது "சர்வர் இல்லை, நாளைக்கு வா" என்பதுதான். எண் 811 காரருக்கு எத்தனை நாளைக்கு வந்தாலும் சர்வர் வராது.

சிம் இருக்கிறது, நேரம் சரி, போனில் நெட் வருகிறது, இருந்தும் கருவி சுற்றிக்கொண்டே இருக்கிறது என்றால்தான் நிஜமாகவே சர்வரைச் சந்தேகிக்கலாம். இதற்கு ஒரு பருவகாலம் உண்டு. வினியோகம் தொடங்கும் நாளிலும், மாதக் கடைசியிலும் ஒரு மாநிலத்தின் பல்லாயிரம் கடைகளும் ஒரே கதவைத் தட்டுகின்றன. பொறுமையிழந்த டீலர் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார். ஒவ்வொரு அழுத்தலும் ஒரு புதிய கோரிக்கை. நெரிசலில் தள்ளுமுள்ளு அதிகமாவதைப் போல, சர்வர் மேலும் திணறுகிறது. இங்கே சிறந்த வைத்தியம் எதுவும் செய்யாமல் இருப்பது. பத்து நிமிடம் கருவியைக் கீழே வைத்துவிட்டு டீ குடிப்பது. நூறு பேர் வரிசையில் பார்த்துக்கொண்டிருக்கும்போது டீ குடிக்கும் தைரியம் எந்த டீலருக்கும் வராது.

திரும்பத் திரும்ப அழுத்துவதில் அதைவிட மோசமான ஆபத்து ஒன்று இருக்கிறது. கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேருகிறது. சர்வர் சரி என்று எழுதிக்கொள்கிறது: இந்த அட்டைக்கு இந்த மாதம் 25 கிலோ வழங்கியாயிற்று. அந்தப் பதில் திரும்பி வரும் வழியில் டவர் அறுந்துபோகிறது. கருவியைப் பொறுத்தவரை ஒன்றுமே நடக்கவில்லை. ரசீது இல்லை, அதனால் அரிசியும் இல்லை. மறுபடி முயன்றால், உங்கள் பங்கு ஏற்கெனவே வாங்கப்பட்டுவிட்டது என்று வருகிறது. கடிதம் போய்ச் சேர்ந்து, பதில் கடிதம் தபாலில் தொலைந்துபோன கதைதான். கம்ப்யூட்டர் துறையில் இது மிகப் பழைய பிரச்சினை; ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி எண் கொடுத்து, இணைப்பு திரும்பியதும் "அந்த எண் என்ன ஆயிற்று?" என்று கேட்கச் சொன்னால் தீரும். அப்படிக் கேட்கத் தெரியாத கருவியின் முன்னால் அட்டைதாரர் பொய்யராகிறார், டீலர் திருடராகிறார். சில சமயம் டீலர் நிஜமாகவே திருடராகவும் இருப்பார். விரல் வாங்கிக்கொண்டு, "சர்வர் போய்விட்டது, அடுத்த மாதம் சேர்த்துத் தருகிறேன்" என்பது பழைய ஏமாற்று வேலையின் புதிய பதிப்பு. அவரை இவரிடமிருந்து எப்படிப் பிரித்தறிவது?

பணத்துக்கு இந்தக் கேள்வி வந்தபோது விடை கண்டுபிடித்துவிட்டார்கள். கிராமங்களில் ஆதார் ரேகை வைத்துப் பணம் எடுக்கும் கருவியிலும் இதே விபத்து நடக்கும். கணக்கில் கழிந்துவிடும், கையில் வராது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையில் இதற்குக் கெடு வைத்தது. பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து 5 நாட்களுக்குள் பணம் தானாகக் கணக்குக்குத் திரும்பவேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு. வாடிக்கையாளர் புகார் செய்யாவிட்டாலும் கூட. அரிசிக்கு? உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆவது பிரிவில் உணவுப் பாதுகாப்புப் படி என்று ஒன்று இருக்கிறது. தானியம் தரவில்லையென்றால் மாநில அரசு பணம் தரவேண்டும். குறைந்தபட்ச ஆதரவு விலையின் 1.25 மடங்கை வைத்துக் கணக்கிடும் சூத்திரம்கூட 2015 விதிகளில் இருக்கிறது. ஆனால் 'சர்வர் நஹீ ஹை' என்று திருப்பி அனுப்பப்பட்டவர் வந்துபோனதற்கே எங்கும் பதிவு இல்லாதபோது சூத்திரத்தில் எதைப் பெருக்குவது?

எத்தனை பேர் இப்படித் திரும்புகிறார்கள் என்பதற்கு அரசின் சொந்தக் காகிதங்களே சாட்சி. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை ரேகைச் சோதனை தோல்வி பற்றிய மதிப்பீடுகளைத் தந்தது: ஜார்க்கண்டில் 49 சதவீதம், ராஜஸ்தானில் 37, குஜராத்தில் 6, ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் 5. 2018 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டில் ஆதார் ஆணையத்தின் தலைமை நிர்வாகி அரசு சேவைகளில் சோதனை வெற்றி 88 சதவீதம் என்றார். மீதி 12 சதவீதம் பற்றி நீதிமன்றத்தில் நிறையப் பேசப்பட்டது. இவையெல்லாம் பழைய கணக்குகள். கருவிகளும் டவர்களும் பிறகு மேம்பட்டிருக்கின்றன. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, சிக்னல் எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2ஜி, 3ஜி மட்டுமே இருந்த 6,279 கிராமங்களும் அதில் சேர்க்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் கவனிக்கவேண்டியது, ரேஷன் கடைக்குக் கருவி வந்தது முதலில், டவருக்குப் பணம் ஒதுக்கியது பிறகு.

கிருஷ்ணா மாவட்டம் மட்டும் எப்படி 5 சதவீதத்தில் நின்றது? அங்கே ரேகை பொருந்தாதவர்களுக்காக வேறொரு வாசல் திறந்து வைத்திருந்தார்கள். கிராம வருவாய் அலுவலர் தன் விரலை வைத்து, இவரை எனக்குத் தெரியும் என்று உறுதி சொன்னால் அரிசி கிடைக்கும். ஒரு மனிதரின் சாட்சிக்கு இயந்திரத்தில் இடம் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2017இல் வந்த ஸ்மார்ட் கார்டு முறையில் அட்டையை ஸ்கேன் செய்தால் போதும் என்று இருந்தது. ரேகை 2020 அக்டோபரில்தான் நுழைந்தது. கொரோனா ஊரடங்கில், ஒரே கண்ணாடியில் ஊரே விரல் வைத்தால் தொற்று பரவும் என்று பல மாநிலங்கள் ரேகையை நிறுத்தி வைத்தன. கருவியின் ஒப்புதல் இல்லாமலேயே அந்த மாதங்களில் கோடிக்கணக்கானவர்களுக்கு அரிசி போய்ச் சேர்ந்தது. முடியாத காரியம் என்று எதுவும் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

விதியும் அதைத்தான் சொல்கிறது. 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் குடும்பத்தின் ரேஷன் அட்டை ரத்தாகி, மாதக்கணக்கில் அரிசி கிடைக்கவில்லை என்று குடும்பத்தினர் சொன்னார்கள். சாவுக்குக் காரணம் மலேரியா என்றது மாநில அரசு. அங்கே அறுந்தது நெட்வொர்க் அல்ல, பதிவேட்டு இணைப்பு. என்றாலும் நாடு முழுதும் எழுந்த கூச்சலில் மத்திய உணவுத் துறையும் ஆதார் ஆணையமும் அந்த அக்டோபர் 24 அன்று சுற்றறிக்கைகள் விட்டன. ஆதார் இல்லை, ரேகை பொருந்தவில்லை, நெட்வொர்க் இல்லை, மின்சாரம் இல்லை என்ற எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பக்கூடாது. அட்டையைப் பார்த்து அரிசி கொடுத்து, விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும்.

இவ்வளவு தெளிவான உத்தரவு ஏன் தராசு வரை வருவதில்லை? டீலரின் கணக்கைப் பார்த்தால் புரியும். ஜார்க்கண்டில் 2017 ஜூலை முதல், கருவியில் பதிவான விற்பனையைக் கழித்து, கடையில் இவ்வளவு பாக்கி இருக்கவேண்டும் என்று கணித்து அதற்கேற்ப அடுத்த மாத ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். கருவியில் ஏறாமல் நோட்டில் எழுதிக் கொடுத்த மூட்டை, கம்ப்யூட்டர் கணக்கில் கடையிலேயே இருக்கிறது. நோட்டை ஏற்க மேலதிகாரி மறுத்தால் நஷ்டம் டீலர் தலையில். இரக்கப்பட்ட டீலருக்கு அபராதம், திருப்பி அனுப்பிய டீலருக்கு ஒன்றுமில்லை. இந்த ஏற்பாட்டில் யார் நோட்டைத் திறப்பார்கள்? கார்த்திக் முரளிதரன், பால் நீஹாஸ், சந்தீப் சுக்தாங்கர் ஆகிய பொருளாதார ஆய்வாளர்கள் அதே ஜார்க்கண்டில் நடத்தி 2020இல் வெளியிட்ட ஆய்வு, ரேகைச் சோதனை மட்டும் திருட்டைப் பெரிதாகக் குறைக்கவில்லை என்றது. ஏற்கெனவே அட்டையோடு ஆதார் இணைத்திராத குடும்பங்கள் சராசரியாகப் பங்கில் பத்தில் ஒன்றை இழந்தன.

புலம்பெயர்ந்தவர்களுக்குச் சங்கடம் இன்னும் அதிகம். ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2019 ஆகஸ்டில் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2022 ஜூனில் அஸ்ஸாம் சேர்ந்ததோடு முழுமை பெற்றது. பீகார்க்காரர் சூரத்தில் அரிசி வாங்கலாம். மிகவும் தேவையான சலுகை. இதற்கு நெட்வொர்க் இல்லாமல் முடியாது என்பதும் உண்மை. ஆனால் சூரத் டீலருக்கு அவரைத் தெரியாது. கண்ணிகளும் கூடுதல், இரண்டு மாநிலங்களின் கணக்கு மத்திய சர்வரில் சந்திக்கவேண்டும். அது அறுந்தால் சாட்சி சொல்ல ஒரு கிராம அலுவலரும் அங்கே கிடையாது.

இணைப்பை அரசே அறுக்கும் சந்தர்ப்பங்களும் உண்டு. மணிப்பூரில் 2023 மே 3 கலவரத்துக்குப் பிறகு மொபைல் இன்டர்நெட் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டது. அதற்கு மரத்தடி வைத்தியம் ஏது?

திரும்பி அனுப்பப்படும் அட்டைதாரர் செய்யக்கூடியது கொஞ்சம்தான், ஆனால் பூஜ்யம் இல்லை. திரையில் வந்த எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கும் பள்ளிக்கூடப் பையன் போனில் படம் எடுத்தாலும் போதும். பக்கத்து ஊர்க் கடையில் அதே நேரத்தில் வினியோகம் நடந்ததா என்று விசாரிக்கலாம். பல மாநிலங்களின் உணவுத் துறை இணையப் பக்கங்களில் எந்தக் கடையில் எத்தனை அட்டைக்கு வழங்கப்பட்டது என்ற விவரம் வெளிப்படையாகவே கிடைக்கிறது. பக்கத்துக் கடையெல்லாம் ஓடியிருக்க இந்தக் கடைக்கு மட்டும் சர்வர் வரவில்லையென்றால் கதை வேறு. தன் பங்கு வாங்கியதாக ஏறிவிட்டதா என்பதும் அங்கேயே தெரியும். விதிவிலக்குப் பதிவேட்டைக் காட்டச் சொல்லலாம். பெரும்பாலான மாநிலங்களில் ரேஷன் புகாருக்கு எண் 1967. அதற்கும் சிக்னல் வேண்டும் என்று கடை வாசலில் யாராவது நிச்சயம் சொல்வார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நெரிசல் குறையும். காலையில் சுற்றிக்கொண்டே இருந்த கருவி இரண்டு நிமிடத்தில் ரசீது துப்பும். டீலர் நல்லவராக இருந்தால் ஆள் அனுப்பிச் சொல்லுவார். கடையை ஒட்டிய நாலு வீட்டுக்காரர்கள் வந்து வாங்கிக்கொள்வார்கள். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து வந்தவர்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதியமே வெறும் பையோடு திரும்பியிருப்பார்கள்.